நெடுஞ்சாலையும் நாட்டு வழக்கும்



கோயம்புத்தூரில் அவினாசி ரோடு என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதே சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே போய், அவினாசியிலேயே நின்றுகொண்டு அவினாசி ரோடு எங்கே என்று விசாரித்தால், அங்குள்ளவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘கோயமுத்தூர் ரோட்டைங்களா கேக்கறீங்க?’ என்பார்கள். சாலை எந்த ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறதோ அந்த ஊரின் பெயரையே சாலைக்கும் சூட்டுவது நம் ஜனங்கள் நெடுங்காலமாக அனுசரித்து வரும் சம்பிரதாயம். ஆகவே ஒரே பாதைக்கு இரு முனைகளிலும் இரு வேறு பெயர்கள் வாய்த்துவிடுகின்றன.

கடல் கடந்து இலங்கைக்குப் போனாலும் இந்தச் சம்பிரதாயம் மாறுவதில்லை. சொல் மட்டுமே மாறுகிறது. நாம் ரோடு என்பதை அவர்கள் வீதி என்கிறார்கள். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி. இடைவழியிலுள்ள வவுனியாவிலோ, நகரத்துக்குத் தெற்கே செல்லும் பகுதி கண்டி வீதியாகவும், வடக்கே செல்லும் பகுதி யாழ் வீதியாகவும் ஒரே ஊருக்குள் இரு நாமங்களைத் தாங்கி நிற்கிறது. சர்க்கார் அதற்கு இட்ட குறியீடு ஏ-9. சாதாரணமாக இத்தகைய குறியீடுகள் உத்தியோகஸ்தர்களின் ஏடுகளைத் தாண்டி வெளியே வருவதில்லை. ஆனால் 2002-இல் போர் நிறுத்தத்தையொட்டித் திறக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் மூடப்பட்டு, 2009-இல் யுத்தம் முடிந்தபின் மறுபடியும் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் குறியீடு, அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதிலேயே தங்கள் ஜீவனமும் பிரயாணமும் அடங்கியிருந்த ஜனங்களின் நாவில் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வழக்கு வேறுபடுகிறது. சென்னைவாசிகளுக்கு எழுத்துக்களில் பிரியம் அதிகம். கிண்டியைத் தாண்டித் தாம்பரம், செங்கல்பட்டு என்று தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டை ஜி.எஸ்.டி. ரோடு என்று சுருக்கிக்கொண்டவர்கள் அவர்கள். 2017-இல் அதே மூன்று எழுத்துக்களுடன் ஒரு வரி வந்து சேர்ந்தபோதும் அவர்கள் சாலையின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ராஜீவ் காந்தி சாலை என்று பலகையில் எழுதப்பட்டிருப்பதை அவர்கள் ஓ.எம்.ஆர். என்கிறார்கள், அந்த எழுத்துக்களுக்குள்ளும், பழைய மகாபலிபுரம் ரோடு என்று, போய்ச் சேரும் ஊரே ஒளிந்திருக்கிறது.

தென் மாவட்டங்களில் வழக்கு வேறு. அங்கே பழைய பாதைகள் சிலவற்றுக்கு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணியின் நினைவாக, மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. புதிதாக அகலப்படுத்தப்பட்ட சாலையையோ பலர் நாற்கரச் சாலை என்கிறார்கள். தங்க நாற்கரம் என்ற திட்டம் சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைப்பது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை அதில் சேராமல், வடக்கு தெற்கு வழித்தடம் என்ற வேறொரு திட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும், நான்கு வழிகள் கொண்ட சாலைக்கு அந்தப் பெயர் பொருந்துவதாக ஜனங்கள் தீர்மானித்தபின் அதை யார் மறுப்பது?

இப்படியிருக்க, 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் அனைத்தும் மாற்றி அமைக்கப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை என்பது புதிய விதி. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 7 என்றிருந்த சாலையின் தமிழ்நாட்டுப் பகுதி, ஸ்ரீநகரில் தொடங்கும் 44-இல் அடங்கிற்று. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் 45 என்ற ஒரே எண், திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கப்பால் 38 என்று மூன்றாகப் பிரிந்தது. தேசம் முழுவதற்கும் ஒரு கிரமம் வேண்டும் என்பதை ஆட்சேபிப்பதற்கில்லை; வெளி மாநிலத்திலிருந்து லாரி ஓட்டி வருகிறவருக்கு அந்த எண்ணே துணை. ஆனால் விக்கிரவாண்டியில் டீக்கடை வைத்திருப்பவருக்கு அது இன்றும் திருச்சி ரோடுதான்.

இரண்டையும் சமரசப்படுத்த முடியாதா என்றால், முன்னோர்கள் அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த பழைய காதக் கல் ஒன்றில், அதியமான் பெருவழி என்று சாலையின் பெயரும், நாவற்தாவளம் என்று போய்ச் சேரும் இடமும், 29 காதம் என்று தூரமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத வழிப்போக்கரும் தெரிந்துகொள்ளும்பொருட்டு, அந்தத் தூரம் குழிகளாலும் குறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் வைத்த பெயருக்கும் பிரயாணியின் தேவைக்கும் ஒரே கல்லில் இடமிருந்தது.

ஆகவே, நெடுஞ்சாலைப் பலகைகளை எழுதுகிறவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தந்த ஊர் வழங்கும் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நேயர்களும் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: வழியில் விபத்தென்று 108-ஐ அழைக்க நேர்ந்தால், சாலையின் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் திசை என்பதையும், அருகிலுள்ள மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.