படிக்காசும் பதுக்கலும்



திருவிழாக் காலத்தில் இறைவன் கருவறையை விட்டு வீதிக்கு எழுந்தருளுகின்றான். கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வாயிலில் நின்றே கண்டு வணங்குகின்றனர். உள்ளிருப்பது வெளியே வந்து யாவர்க்கும் பயன்படுதல் அருளின் இயல்பு. வெளியில் இருப்பதை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளுதல் பேராசையின் இயல்பு. இவ்விரண்டனையும் இன்று சிந்திப்போம்.

வள்ளுவப் பெருந்தகை 'அவாவறுத்தல்' என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். 'வெஃகாமை'யை இல்லறவியலில் வைத்தார். ஆசை முழுவதையும் அறுத்தல் துறவிக்கு உரியது. பிறர்க்குரியதை விரும்பாமை இல்லறத்தார்க்கு உரியது. ஆதலின் மனைவி மக்களுக்காகப் பொருளீட்டுதல் குற்றமன்று. ஆனால், நமக்குரியது எங்கே முடிகின்றது, பிறர்க்குரியது எங்கே தொடங்குகின்றது? பஞ்ச காலம் இதனைத் தெளிவாகக் காட்டும்.

அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்துப் பஞ்சம் வந்தது. இறைவன் நாள்தோறும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அக்காசு அன்றன்றே அரிசியும் பருப்பும் ஆகி, அடியார்களின் பசி தீர்த்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க வேண்டியிருந்தமையால், அவர் திருமடத்தில் உணவு சமையக் காலம் தாழ்ந்தது. பசித்தவர் சிறிது பொழுது காத்திருப்பதையும் பொறாத பிள்ளையார், வாசி தீருமாறு வேண்டிப் பதிகம் பாடினார். இதனைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். ஒரு காசேனும் நாளைக்கென முடிந்துவைக்கப்படவில்லை என்பதே நாம் இங்குக் கொள்ள வேண்டிய பாடம்.

இதற்கு நேர்மாறான காட்சியை 1943-ஆம் ஆண்டில் வங்கம் கண்டது. போரினால் பர்மா அரிசி நின்றது. 1942 அக்டோபரில் புயல் வீசியது. பகைவர் கைப்பற்றுவர் என்று அஞ்சி அரசு படகுகளை அகற்றியது. எனினும், 1943-இல் கிடைத்த அரிசி 1941-இல் இருந்ததைக் காட்டிலும் குறைவன்று என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலில் காட்டினார். அரிசி இருந்தும், ஏழை வாங்க முடியாத உயரத்திற்கு விலை சென்றது. இன்னும் ஏறும் என்று எதிர்பார்த்துப் பதுக்கியவர் பலர். சுமார் 15 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அரிசி வாணிகத்தில் கிடைத்த மிகை இலாபத்தைக் கணக்கிட்டால் ஓர் உயிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும் என்றும் 1945-இல் விசாரணைக் குழு அறிவித்தது. இறந்தோர் தொகை 30 இலட்சம் வரை இருக்கும் என்பார் பிற்கால ஆய்வாளர்.

அங்கே காசு சோறாயிற்று. இங்கே சோறு காசாயிற்று. போரும் புயலும் அரசின் பிழையும் தொடங்கிய துன்பத்தைப் பேராசை பெருக்கிற்று.

இது பெருவணிகரைப் பற்றிய செய்தியே என்று நாம் அமைதல் ஆகாது. 2020-இல் கொரோனா பரவியபொழுது முகக்கவசமும் கிருமிநாசினியும் கடைகளில் கிட்டாமற்போயின. அவற்றை இன்றியமையாப் பண்டங்கள் என்று மார்ச்சுத் திங்களில் மத்திய அரசு அறிவிக்க நேர்ந்தது. ஒருவர் அச்சத்தால் வாங்கிக் குவிக்க, அதைக் கண்ட அடுத்த வீட்டாரும் குவித்தனர். பேராசை தொற்றுநோய் போன்றது. முதலில் அண்டை வீட்டாரிடத்து நாம் வைத்த நம்பிக்கையை அழிக்கும். பின்னர் ஊரையே அழிக்கும்.

இதன் வேர் யாது? 'யான், எனது' என்னும் செருக்கே என்பது நம் சைவ நூல்களின் துணிபு. வயிற்றுப் பசிக்கு ஓர் அளவு உண்டு; நாளையைப் பற்றிய அச்சத்திற்கு அளவு இல்லை. 'எனக்கு இல்லாமற்போய்விடுமோ' என்னும் அந்த அச்சம், இன்று பசித்திருப்பவனைக் காணவொட்டாது கண்ணை மறைக்கின்றது.

இறைவன் படியளக்கின்றான் என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் பொருள் நிறைந்தது. அளந்து தருகின்றான், ஆதலின் நாமும் அளவறிந்து கொள்ளுதல் வேண்டும். சேமியுங்கள், அது அறிவுடைமை. ஆனால் பண்டம் அருகிய காலத்தில் ஒன்றைப் பூட்டி வைக்கு முன், 'இதனால் எவர் அடுப்பு எரியாமற்போகும்?' என்று ஒருமுறை எண்ணுங்கள். அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோமாயின், வீழிமிழலைக் காசு நம் கையிலும் சோறாகும்.

திருச்சிற்றம்பலம்.