உருளை இழுத்த கையும் ஓட்டுக் கேட்ட கையும்

(படூரில் இளைஞர்களின் கிரிக்கெட் போட்டி முடிவில் ஆற்றிய உரை)

மட்டையும் பந்துமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

கோப்பையைக் கொடுத்துக் கைதட்டிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். அவர் பெயர் பல்வங்கர் பாலூ. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? மகாராஜாக்கள் பெயரில் கோப்பை இருக்கிறது. பாலூவின் பெயரைக் கேட்டால் நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அது பிள்ளைகளின் குற்றமா?

பாலூ தார்வாரில் பிறந்து புனாவில் வளர்ந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. சிறுவயதிலேயே பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் களத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் போனார். பிறகு வெள்ளைக்காரர்களின் புனா கிளப்பில் அதே வேலை. மாதம் மூன்று ரூபாய், நான்கு ரூபாய் சம்பளம். துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக வேண்டுமானால் பந்து போட ஆள் வேண்டும். பாலூ இடது கையால் மணிக்கணக்கில் பந்து போட்டார். கிரெய்க் துரை தம்மை ஒரு தடவை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா கொடுப்பார் என்று சொல்லுவார்கள். ஆனால் மட்டையைப் பாலூவின் கையில் யாரும் கொடுத்ததில்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது அந்தஸ்து! நாற்று நடுகிறவன் வேறு, நெல்லை அளந்து கொண்டு போகிறவன் வேறு என்பது நமக்குப் புதிய கணக்கா?

வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது புனா இந்துக்கள் பாலூவைத் தங்கள் அணியில் சேர்த்துக் கொண்டார்கள். களத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் நேரம் வந்ததும் அவர்களுக்குக் கொட்டகைக்குள்ளே பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே மண் குவளை. இரட்டைக் குவளையைப் பற்றி இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் நாங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1896ல் அவர் பம்பாய்க்கு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 1906ல் பம்பாயில் ஐரோப்பியர் அணியை இந்துக்கள் அணி 109 ரன்களில் தோற்கடித்தது. நாட்டை ஆளுகிறவனை அவனுடைய ஆட்டத்திலேயே வீழ்த்திய வெற்றி அது. 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அந்தப் பயணத்தில் பாலூ எடுத்த விக்கெட்டுகள் 114. தலைமை யாருக்கு, உழைப்பு யாருடையது, பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தக் காலத்துப் பம்பாய்ப் போட்டிகள் எப்படி நடந்தன தெரியுமா? ஐரோப்பியர் ஓர் அணி, பார்சி ஓர் அணி, இந்து ஓர் அணி, 1912 முதல் முஸ்லிம் ஓர் அணி. பஞ்சாலையில் ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்த தொழிலாளர்கள், மைதானத்தில் மதவாரியாகப் பிரிந்து நின்று கூச்சல் போட்டார்கள். இந்த ஏற்பாடு 1946 வரை நீடித்தது.

ஆனால், "நம் அணி" என்று பாலூ எதை நினைத்தாரோ அந்த அணி அவரைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. 1920ல் அவரை அணியிலிருந்தே ஒதுக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் என்ன செய்தார்கள்? சாதியின் பெயரால் நடக்கும் அநீதி இது என்று பகிரங்கமாகச் சொல்லி வெளியேறினார்கள். ஜனங்களின் ஆதரவு அவர்கள் பக்கம் திரும்பியது. பாலூவைத் திரும்ப அழைத்துத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். 1923ல் விட்டலே தலைவரானார், அணி ஜெயித்தது. அண்ணனின் 114 விக்கெட்டுகள் திறக்காத கதவை, தம்பிகளின் வேலைநிறுத்தம் திறந்தது. ஆலைத் தொழிலாளி தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி அரசியலுக்கு வருவோம். அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது பாலூவைப் பெருமையோடு போற்றியவர். இருவருக்கும் பாதை பிரிந்தது 1932ல். தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். கூடாது, கூட்டுத் தொகுதியே போதும் என்று இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்தவர் யார்? நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா! பாலூ ராஜாவின் பக்கம் நின்றார். அதே செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன், வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கருடன் நின்றவர். பம்பாய்ச் சண்டையில் நம் மண்ணின் மைந்தர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

1933ல் பாலூ இந்து மகாசபை சார்பில் பம்பாய் நகரசபைக்கு நின்று தோற்றார். 1935ல் மதம் மாறுவோம் என்று அம்பேத்கர் அறிவித்தபோது எதிர்த்தார். 1937 சட்டசபைத் தேர்தலில் அம்பேத்கரை வீழ்த்தக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் பாலூ. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலூவுக்கு 11,225. தலைமை தர மனம் வராத கூட்டத்துக்கு, ஓட்டுக் கேட்க அவர் பெயர் மட்டும் இனித்தது!

பாலூவைத் துரோகி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்பை அவர் மனமார நம்பினார். ஒரே களத்தில் சேர்ந்து ஆடினால் மனம் மாறும் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் கொஞ்சம் மாறவும் செய்தது. அந்த நம்பிக்கையில் கபடம் இல்லை. ஆனால் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன கிடைக்கும்? எம்.சி.ராஜாவைப் பாருங்கள். 1938ல் சென்னைச் சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி மந்திரிசபை கைகொடுக்கவில்லை, மசோதா தோற்றது. 1942ல் கிரிப்ஸ் வந்தபோது அதே ராஜா அம்பேத்கரோடு சேர்ந்து குரல் கொடுத்தார். அனுபவம் அவரை மாற்றியது.

அதே 1938ல், நவம்பர் 7ந் தேதி, பம்பாயில் இன்னொன்று நடந்தது. வேலைநிறுத்த உரிமையை நெரிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தார்கள். மதவாரி மைதானத்தில் பிரிந்து நின்ற அதே தொழிலாளர்கள் ஆலை வாசலில் ஒன்றாக நின்ற நாள் அது.

தம்பிகளே! சேப்பாக்கத்தில் ஆடும் அணிக்கு மஞ்சள் சட்டை போட்டுக் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், ஆட்டம் நல்லது. ஆனால் இந்தப் பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் நேற்று வயல்; இன்று அடுக்குமாடி. நாளை நீங்கள் ஆட இடம் எங்கே? எஞ்சியிருக்கும் பொது இடத்தை விளையாட்டுத் திடலாக எழுதி வைக்கும்படி கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தெருவுக்கு ஓர் அணி என்றால் இங்கே சாதிக்கு ஓர் அணி என்று பொருள். அதை உடைத்து ஊருக்கு ஓர் அணி கட்டுங்கள். தலைவனைத் திறமை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒருவனை ஒதுக்கினால், விட்டலையும் சிவராமையும் போல மற்றவர்களும் வெளியே வாருங்கள்.

பாலூ 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். உருளை இழுத்தவர் கையில் களமும் இருக்க வேண்டும். அது அவர் காலத்தில் முடியவில்லை. படூரில் முடியுமா என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.