மீசை மீனும் செதில் மீனும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் எங்க குழுவோட பொருளாளர். ஜெயிச்ச கதை சொல்லத்தான் மேடைக்குக் கூப்பிடுவாங்க. நான் முதல்ல தோத்த கதையைச் சொல்றேன்.

எங்க குழுவில் 12 பேர். பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போறவங்க. உறுப்பினர் ஒருத்தர் நிலத்துல 25 சென்ட் பண்ணைக்குட்டை இருந்தது. 50 ஆயிரம் கடன் எடுத்து மீன் வளர்க்கலாம்னு தீர்மானம் போட்டோம். அப்போ ஒரு தரகர் வந்தார். "கெளுத்திக் குஞ்சு விடுங்கம்மா. தண்ணி கொறஞ்சாலும் சாகாது, கறிக்கடைக் கழிவு போட்டாலே போதும், ஆறே மாசத்துல ஒரு கிலோ வரும்"னு சொன்னார். சாகாத மீன்னா நஷ்டமே வராதுன்னு நம்பி விட்டோம்.

மீன் நல்லாத்தான் வளர்ந்தது. குட்டை நாறிப் போச்சு. குட்டையில முன்னாடி இருந்த தவளை, பொடி மீன் ஒண்ணும் மிஞ்சல. அஞ்சாவது மாசம் அதிகாரிகள் வந்து பார்த்து, "இது ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கக் கூடாது"ன்னாங்க. தண்ணியை இறைச்சு, அத்தனை மீனையும் குழி தோண்டிப் புதைச்சாச்சு. மீன் போச்சு, கடன் நின்னுச்சு. ஒரு வருஷம் சேமிப்புப் பணத்துல இருந்து தவணை கட்டினோம். அந்த மாசக் கூட்டங்கள்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியல.

அதுக்கப்புறம்தான் மீனைப் பத்தி விசாரிச்சுக் கத்துக்கிட்டோம். கெண்டையும் கெளுத்தியும் தூரத்துச் சொந்தம். ரெண்டுக்கும் வயித்துல இருக்கிற காத்துப்பையில இருந்து காது வரைக்கும் சின்னச் சின்ன எலும்பு கோத்திருக்கும். அதனாலதான் கரையில நடக்கிற சத்தம்கூட அதுங்களுக்குக் கேட்குது. ஆனா குணம் வேற. கெண்டைக்குச் செதில் உண்டு, தாடையில பல் கிடையாது, தொண்டையிலதான் பல். கெளுத்திக்குச் செதில் இல்ல, மீசை உண்டு, வாய் நிறையப் பொடிப் பல்.

கெண்டை செவுளால மட்டும்தான் மூச்சு விடும். தண்ணி கெட்டா விடியக்காலையில மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எங்க குட்டையில விட்ட அந்தக் கெளுத்திக்குச் செவுளுக்கு மேல செடி மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதை வெச்சு வெளிக்காத்தையே இழுத்துக்கும். அதனால சாக்கடைத் தண்ணியிலயும் உயிரோட இருக்கும். மீன் துள்ளுதுன்னு தண்ணி நல்லா இருக்குன்னு நாங்க நினைச்சதுதான் தப்பு. தண்ணி கெட்டா என்ன ஆகும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். பாலாத்துல தோல் கழிவு கலந்ததுக்கு நம்ம வேலூர்ப் பக்கத்து ஜனங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினாங்க.

நாட்டுக் கெளுத்தி மேல எந்தக் குத்தமும் இல்ல. நம்ம ஏரியில தலைமுறையா இருக்கிற மீன் அது, ஒன்றரை அடிக்கு மேல வளராது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மூணு அடி தாண்டும். மழையில குட்டை வழிஞ்சா ஏரிக்குப் போய் நாட்டு மீனையெல்லாம் தின்னுடும். அதனாலதான் மத்திய அரசு 2000-லயே தடை போட்டது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவு போட்டது.

மறுபடி துணிஞ்சு அதே குட்டையைக் காய வெச்சு, சுண்ணாம்பு போட்டு, கட்லா, ரோகு, மிர்கால் மூணும் சேர்த்து ஆயிரம் குஞ்சு விட்டோம். கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. ஒரே வீட்டுல மூணு மருமக, ஆளுக்கு ஒரு அடுப்பு, சண்டையே இல்ல! சாணி கரைச்சு விட்டா தண்ணி பச்சையாகும், அதுவே பாதித் தீனி. மப்பு போட்ட நாள்ல சாணியும் போட மாட்டோம், தீனியும் போட மாட்டோம். விடியக்காலையில முறை வெச்சுப் போய்ப் பார்ப்போம். மீன் மேல வந்து வாயைத் திறந்தா உடனே மோட்டாரைப் போட்டு உயரத்துல இருந்து தண்ணியைக் கொட்டுவோம்.

பத்து மாசத்துல பிடிச்சோம். பெரிய லாபம்னு சொல்ல மாட்டேன். மீதிக் கடன் அடைஞ்சுது, அடுத்த குஞ்சுக்குக் காசு மிஞ்சுது. மிர்கால் குழம்பு எங்க பிள்ளைங்க வயித்துக்கும் போச்சு.

அக்கா தங்கைகளே, மீனுக்குக் கடன் கேட்டுத் தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. குஞ்சு எந்தப் பண்ணையில பொரிச்சது? ரசீது தருவாங்களா? மீன்வளத் துறைக்காரங்க கிட்ட காட்டியாச்சா? "கெளுத்தி"ன்னு சொல்லி யாராவது வீடு தேடி வந்து குஞ்சு கொடுத்தா, கடனாவே கொடுத்தாலும் வாங்காதீங்க. சந்தேகம் இருந்தா எங்க குட்டைக்கு வாங்க. காலையில ஆறு மணிக்கு எங்கள்ல யாராவது ஒருத்தர் கரையில இருப்போம்.