பரவுவது எது? பெருங்குடல் புற்றுநோயும் பாக்டீரியாவும்



‘பரவுதல்’ என்ற சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். சளிக்காய்ச்சலும் காசநோயும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகின்றன. புற்றுநோய் பரவிவிட்டது என்று மருத்துவர் கூறினால், அது ஒரே உடலுக்குள் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குச் சென்றுவிட்டது என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த நோயில் பாக்டீரியாவுக்கும் பங்குண்டு என்று கேள்விப்பட்டால் அந்த அச்சம் இன்னும் கூடும். அந்தப் பங்கு என்ன என்பதை இன்று பார்ப்போம்.

பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை உடலுக்கு நன்மை செய்பவை. நார்ச்சத்தைச் சிதைத்துக் குடல் சுவருக்கு உணவாக்குவதும் அவைதான்.

2011-ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவரிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே செய்தியை வெளியிட்டன. பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் ‘ஃபியூசோபாக்டீரியம்’ என்ற பாக்டீரியா அளவுக்கு மீறிக் காணப்பட்டது என்பதே அது. இதன் வழக்கமான இருப்பிடம் வாய். ஈறு நோய் உள்ளவர்களிடம் இது அதிகம். புற்றுக்கட்டியின் உயிரணுக்கள் மேல் உள்ள ஒரு வகைச் சர்க்கரையை இது கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. அதோடு, புற்றுநோயை அழிக்க வரும் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது.

அடுத்த திருப்பம் 2017-இல் வந்தது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளை பாஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். குடல் கட்டியில் இருந்த அதே பாக்டீரியா கல்லீரல் கட்டியிலும் இருந்தது. பயணம் போகும் புற்றுநோயோடு இதுவும் கூடவே போயிருக்கிறது! அத்தகைய கட்டியை எலிகளுக்குள் வளரவிட்டு, ‘மெட்ரோனிடசோல்’ என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

அது ஏன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது? குடலிலிருந்து புறப்படும் இரத்தம் பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குத்தான் செல்கிறது. வழியில் கெட்டவை நுழையாதபடி குடலின் இரத்தக் குழாய்ச் சுவர் ஒரு வேலியாக நிற்கிறது. இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டியில் வாழும் ஒரு வகை ‘ஈ.கோலை’ பாக்டீரியா இந்த வேலியைச் சேதப்படுத்திவிட்டுக் கல்லீரலுக்குச் சென்று, அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. பின்னால் வரும் புற்றுநோய் அணுக்கள் குடியேற அது வசதியாகிவிடுகிறது. விதைப்பதற்கு முன்பே நிலத்தை உழுது வைப்பது போன்ற வேலை இது.

அப்படியானால் மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிச் சாப்பிடலாமா? கூடாது. அந்த மருந்து நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிடும். எலிகளிடம் கிடைத்த பலனை வைத்து மனிதர்கள் சுயமாக மருத்துவம் செய்துகொள்ள முடியாது. பல் துலக்கினால் குடல் புற்றுநோய் வராது என்பதற்கும் நிரூபணம் இல்லை. ஆனாலும் ஈறுகளில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரைப் பார்ப்பது எப்படியும் நல்லதே. இந்நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் புற்றுநோய் தொற்றாது. அவரைத் தனிமைப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது காலதாமதத்திற்குத்தான். மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்திலும் இந்நோய் இருந்தது. பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அந்த எண்ணிக்கை பத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

மலத்தில் இரத்தம் வந்தால் “மூலமாக இருக்கும், உடம்புச் சூடு” என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் மோர் குடித்துக் காத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது மூலமாகவே இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், இரத்தச் சோகை ஏற்பட்டாலும் உடனே அவரிடம் செல்ல வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்களும் 50 வயதைத் தாண்டியதும் அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வீட்டிலேயே சிறிதளவு மலத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால் அந்த வயது வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது அவசியம்.

பாக்டீரியாவைப் பற்றிய ஆய்வை ஆய்வாளர்கள் தொடரட்டும். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு வயது 50 ஆகிவிட்டதா? இந்த வாரமே அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வெட்கம் வேண்டாம்.