இரண்டு வருஷத்தில் டிப்ளமோ: சேரவும் முடிக்கவும் என்ன வேணும்?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் உள்கடன் விண்ணப்பங்களில் பலர் "மகள் படிப்புச் செலவு" என்று எழுதியிருக்கிறார்கள். சந்தோஷமான சேதி. ஆனா என்ன படிப்பு, யாரு சான்றிதழ் கொடுப்பாங்கன்னு கேட்டா, பாதிப் பேருக்குப் பதில் தெரியலை.

பக்கத்துக் குழுவில் ஒரு அம்மா கடன் வாங்கி, மகளை ஒரு நர்சிங் பயிற்சி நிலையத்தில் சேர்த்தாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சு கையில் சான்றிதழும் வந்தாச்சு. அதை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அந்த நிலையத்துக்கு அங்கீகாரமே இல்லை. பிள்ளை வீட்டில் இருக்கு, தவணை மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. அதனாலதான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

நாம் பாலிடெக்னிக் டிப்ளமோவை எடுத்துக்கொள்வோம். பத்தாவது முடித்துச் சேர்ந்தால் மூன்று வருஷம். இது நமக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த பிள்ளை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற பாடம் படித்தவர்களும், தொழிற்பிரிவு படித்தவர்களும் சேரலாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இந்த வழி உண்டு. இரண்டே வருஷம், நான்கு செமஸ்டர். வரலாறு, வணிகம் படித்த பிள்ளை பத்தாவது மார்க்கை வைத்து முதலாம் ஆண்டில் சேரலாம், அதுக்கு மூணு வருஷம் ஆகும்.

கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கா, தேர்வை அரசின் தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்துதா? இந்த ரெண்டையும் கேளுங்க. "எங்க நிலையமே டிப்ளமோ தரும்" என்று சொன்னால் எழுந்து வந்துடுங்க. பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் சென்னை தரமணியிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கு. தனியாரோடு பார்த்தால் அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகவும் குறைவு.

சேர்ந்தால் மட்டும் போதாது, முடிக்கணும். 2020-இல் வந்த பாடத்திட்ட விதிப்படி, தியரி பாடத்தில் நூற்றுக்கு 40, செய்முறையில் 50 எடுத்தால்தான் பாஸ் என்று இருந்தது. செய்முறைக்குத்தான் அதிகம் கேட்டாங்க. வேலைக்கான படிப்பு, கை பழகணும் இல்லையா? வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சையே எழுத விடமாட்டாங்க. நாற்று நடவு, காதுகுத்து, சீர் என்று பிள்ளையை நாலு நாள் நிறுத்தி வைப்பது நம்ம வழக்கம். பையனை நிறுத்துறோமா? இல்லை. இதைக் குழுவில் பேசி நாமேதான் மாத்தணும்.

இன்னொரு விஷயம். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் முதல் வருஷப் பாடத்தைக் கல்லூரியில் படித்திருக்க மாட்டாங்க. வரைபடம் பிடிபட நாளாகும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குக் கணக்கு கஷ்டமா இருக்கும். முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போச்சுன்னா, "உனக்குப் படிப்பு வராது"ன்னு கூட்டிக்கிட்டு வந்துடாதீங்க. போன பாடத்தை மறுபடி எழுதலாம்.

பணத்துக்கு வருவோம். கடனுக்கு முன்னாடி உதவித்தொகையைப் பாருங்க. ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' திட்டம் தொழில்நுட்பம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு. தேர்வானால் வருஷம் 50,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். நேரடி இரண்டாம் ஆண்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். இன்டர்நெட்டில் தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான் போடணும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்க.

இதில் சிக்கல் எங்கே வருதுன்னா, பெயரில். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை! பணம் வராமல் நிற்பது இதனாலதான். ரிசல்ட் வரும் முன்னாடியே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்க.

டிப்ளமோ முடித்ததும் ஒரு வருஷம் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். இதெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும்தானான்னு பின்வரிசையில் ஒரு மருமகள் கேட்டாங்க. ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது வரம்பு கிடையாதும்மா, நீங்களே சேரலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருக்கிறவங்க ஆதார், பத்தாவது மார்க் ஷீட், பாஸ்புக் மூன்றின் நகலும் எடுத்து வாங்க. உட்கார்ந்து ஒத்துப் பார்த்துவிடலாம்.