ஓட்டல் தாளில் எழுதிய சட்டம்

முதல் உலகப்போர் முடிந்துவிட்டது. ஆனால் ஊர் திரும்பக் கப்பல்தான் கிடைக்கவில்லை. பிரான்சில் காத்துக் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஒரே சலிப்பு. அந்தச் சமயத்தில், 1919 மார்ச்சில், சிலர் பாரிசில் கூடி 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு வித்திட்டார்கள்.

அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. சங்கத்துக்குள் ராணுவப் பதவி செல்லாது. ஜெனரலாக இருந்தவரும் சரி, சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவரும் சரி, கூட்டத்துக்கு வந்தால் வெறும் உறுப்பினர்தான். பட்டம் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சல்யூட் அடித்தே பழகிய கைக்கு இது கொஞ்சம் சிரமம்தான்! கட்சி அரசியலுக்கும் இடமில்லை. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு மட்டும் அந்தச் சமத்துவம் வெகுகாலம் எட்டவில்லை.

ஊர்ப்பிள்ளைகளுக்காக 1925இல் ஒரு பேஸ்பால் திட்டம் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது.

இரண்டாம் உலகப்போர் ஓயும் முன்பே இவர்களுக்கு ஒரு கவலை. இத்தனை லட்சம் பேர் திரும்பி வந்து என்ன செய்வார்கள்? சங்கத்தின் முன்னாள் தலைவர், வழக்கறிஞர் ஹாரி கோல்மெரி, வாஷிங்டன் மேஃபிளவர் ஓட்டலில் தங்கி, அந்த ஓட்டல் தாளிலேயே ஒரு சட்ட வரைவைக் கைப்பட எழுதினார். படிப்புச் செலவு, வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம், வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை. 1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

1956க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதன் தயவில் படித்தார்கள், தொழில் கற்றார்கள்.