வலசைப் பறவைகளும் வீட்டுப் பிள்ளைகளும்



இலையுதிர் காலம் என்பதைச் சிங்கப்பூர், மலேசியப் பிள்ளைகள் பாடநூலில் மட்டுமே படிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மண் இது. சிங்கப்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 10 நிமிடம்தான். அப்படியிருக்க, பருவம் மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பது எப்படி?

காணலாம். இலையுதிர் காலம் இங்கே சிறகோடு வந்து இறங்குகிறது.

சைபீரியாவின் வடகோடியில் கோடை மிகக் குறுகியது. ஆகஸ்டிலேயே அங்கே பகல் வேகமாகச் சுருங்குகிறது, குளிர் தலைகாட்டுகிறது, பூச்சிகள் அருகிவிடுகின்றன. அங்கே குஞ்சு பொரித்த கரையோரப் பறவைகள் தெற்கு நோக்கி வலசை புறப்படுகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்திலும், மலேசியாவில் கோலசிலாங்கூர், பேராக்கின் கோலா குலா போன்ற கடலோரச் சேற்று நிலங்களிலும் அவற்றைப் பார்க்கலாம்.

இதில் பிள்ளைகளை வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. பொன்னிற உப்புக்கொத்தி போன்ற பறவைகளில் பெற்றோர் முதலில் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் பிறகு தாமாகவே வழி கண்டு பறக்கின்றன. 2022 அக்டோபரில், ஏறத்தாழ ஐந்து மாத வயதுடைய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் இடைநில்லாமல் பறந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி வழியே, செயற்கைக்கோள் மூலம் இது தெரியவந்தது. பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டால் திகைத்துப்போகும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி அதன் வாயிலிருந்தே வரும்.

பறவையின் பெயர் தெரியாதே என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பெயரை ஒப்பிப்பது இரண்டாம் வேலை. பார்க்கப் பழகுவதே முதல் வேலை. "இவற்றின் அலகுகள் ஏன் ஒரே மாதிரி இல்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். சேற்றின் மேற்பரப்பில் கண்ணில் படுவதைக் கொத்தும். சிவந்த கால்களை உடைய பவளக்காலி சற்று நீண்ட அலகால் துழாவும். கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள விம்பிரல், வளைக்குள் ஒளிந்திருக்கும் நண்டையே இழுத்தெடுக்கும். ஒரே சேற்றில் வெவ்வேறு ஆழத்தில் தனித்தனிப் பந்தி! இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை எளிதில் மறக்காது.

நேரம் பார்த்துப் போவது முக்கியம். கடல் நீர் ஏறும்போது வெளிச் சேறு மூழ்கிவிடும். பறவைகள் காப்பகத்தின் குளக்கரைகளில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். அப்போது மறைவிடங்களிலிருந்து அவற்றை நன்றாகப் பார்க்கலாம். நீர் வற்றியிருக்கும்போது சேற்றுத் தவளைபோல் தாவும் மீன்களையும் நண்டுகளையும் காணலாம். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து, இருந்தால் ஒரு தொலைநோக்கி; இவை போதும். உப்புநீர் முதலைகளும் வாழும் இடமாதலால் பாதையை விட்டு இறங்கக்கூடாது. குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது.

"தேர்வு நெருங்குகிறதே" என்று சிலர் கவலைப்படலாம். அரை நாள் போதும். வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. திரையையும் புத்தகத்தையும் மட்டுமே பார்த்துக் களைத்த கண்களுக்குத் தொலைவில் பார்க்கவும் ஏதாவது வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பார்கள். சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் குளங்கள் இருந்த இடம். அங்கே பறவைகள் கூடுவதைக் கண்ட இயற்கை ஆர்வலர்கள் 1986இல் அதைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் எடுத்துரைத்தனர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி காப்பகமாயிற்று. சிலர் நின்று பார்த்ததால் ஓர் இடம் பிழைத்தது.

எல்லா இடத்துக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. தென்கொரியாவின் செமாங்கும் சேற்று நிலத்தை 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் ஒன்று 2006இல் கடலிலிருந்து பிரித்தது. வலசை வழியில் அங்கே தங்கி இரையெடுத்த பறவைகள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் விளைவு வடகோடி முதல் தென்கோடிவரை தெரியும்.

இன்று சேற்றைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை, நாளை அந்தச் சேற்றைத் தூர்ப்பதா காப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் அமரக்கூடும். அது அங்கே ஒரு முறையாவது நின்று, ஐந்து மாதப் பறவை ஒன்று கடல் கடந்து வந்து இரை தேடுவதைப் பார்த்திருக்க வேண்டும். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கடைத்தொகுதிக்குப் போகும் நாள்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் போதும்.